"டிஇஎஃப் தொல்லையே இல்லைங்க" என்று சொன்னால் அந்த வண்டியை விட்டு விலகுங்கள்

நாமக்கல், சங்ககிரி பக்கம் பழைய ட்ரெய்லர் வண்டி தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். நானும் மச்சானும் சேர்ந்து 2021 மாடல் பிஎஸ்6 (அரசின் புகை விதியில் புதிய கட்டம்; பிஎஸ்3, பிஎஸ்4 அதற்கு முந்தியவை) டிராக்டர் ஹெட், அதாவது ட்ரெய்லரை இழுக்கும் முன்வண்டி ஒன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கி மாட்டிக்கொண்டோம். விற்றவர் பெயரோ வண்டிக் கம்பெனி பெயரோ இங்கே வராது, விவகாரம் நடந்துகொண்டிருக்கிறது. ஏமாற்றிய விதம் மட்டும் தெரிந்தால் போதும்.

எல்லோருக்கும் இருக்கும் குழப்பம்தான் எங்களுக்கும். பழைய பம்ப் வண்டியா, சென்சார் வண்டியா? 2017 மார்ச் வரை விற்ற பிஎஸ்3 வண்டிகளில் பெரும்பாலும் இன்லைன் பம்ப், அதாவது பழைய மெக்கானிக்கல் டீசல் பம்ப். நடுரோட்டில் நின்றால் பக்கத்து ஊர் மெக்கானிக் ஸ்பேனரோடு வந்து கிளப்பிவிடுவார். அசோக் லேலண்ட் பிஎஸ்4 வந்த பிறகும் ஐஇஜிஆர் என்ற தொழில்நுட்பத்தில் அதே இன்லைன் பம்ப்போடு வண்டி விட்டது. அதற்கு டிஇஎஃப் (புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் யூரியாக் கரைசல்) ஊற்ற வேண்டாம் என்பதால் எங்கள் பக்கத்தில் அதற்குத் தனி மவுசு. ஆனால் வடக்கே ஓடுகிறவர்களுக்குப் பழைய வண்டியில் வேறு கணக்கு. நேஷனல் பெர்மிட் சாதா வண்டிக்கு 12 வருடம், மல்டி ஆக்சிலுக்கு 15 வருடம்தான். வெளிமாநிலப் பதிவுள்ள பிஎஸ்3 சரக்கு வண்டிகளை 2025 நவம்பர் 1 முதல் டெல்லிக்குள் விடுவதில்லை. 15 வருடம் தாண்டிய கனரக வண்டிக்கு எஃப்சி (தகுதிச் சான்று) கட்டணத்தை 2022 ஏப்ரலிலேயே 12,500 ரூபாய் ஆக்கிவிட்டார்கள், அதற்குப் பிறகும் ஏற்றினார்கள். அதனால் பிஎஸ்6 பக்கம் சாய்ந்தோம். பயம் இருந்தது டிஇஎஃப் மேல் மட்டும்தான்.

அந்தப் பயத்தைத்தான் விற்றவர் காசாக்கினார். "ஏனுங்க, இது பழைய வண்டியாட்டம் ஓடுமுங்க. டிஇஎஃப் எல்லாம் ரொம்பக் கம்மியாத்தான் குடிக்கும். மீட்டரப் பாருங்க, எறங்கவே எறங்காது." பார்த்தோம். முள் முக்காலில் நின்றது. டேஷ்போர்டில் ஒரு எச்சரிக்கை விளக்கு இல்லை. புகைச் சான்றிதழ் புதுசு, எஃப்சி புதுசு, டயர்கூடப் பரவாயில்லை. அவர் சொன்னதில் ஒன்று நிஜம்: முள் இறங்கவே இல்லை.

தொப்பூர் ஏற்றத்தில், சேலத்திலிருந்து லோடோடு போகும்போது இன்ஜின் இழுவை செத்துப்போனது. நல்ல மழை. மச்சான் ஃபர்ஸ்ட் கியரில் உருட்டிக்கொண்டு போய் ஓரம் கட்டினார். பின்னால் வந்தவர்கள் திட்டிய திட்டை எழுத முடியாது. கம்பெனி சர்வீஸில் ஸ்கேனர் போட்ட பையன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஃபியூஸ் பாக்ஸ் மூடியைக் கழற்றி, பின்னாலிருந்து கறுப்பு டேப் சுற்றிய தீப்பெட்டி அளவு டப்பா ஒன்றை வெளியே இழுத்தான். எமுலேட்டர். "சென்சார் எல்லாம் சரியா இருக்கு, டிஇஎஃப் போயிட்டிருக்கு"ன்னு இன்ஜினின் கம்ப்யூட்டரான இசிஎம்முக்குப் பொய் சொல்லிக்கொண்டிருந்த சாமான் அதுதான். மழைத் தண்ணீர் இறங்கியதும் பொய் நின்றுவிட்டது. சென்சார் ஒன்றும் தெரியாததால் இசிஎம் இழுவையை வெட்டிவிட்டது, அது அதன் வேலை.

அதோடு போகவில்லை. சைலன்சர் பக்கம் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப்பை வெட்டி, உள்ளே இருந்த ஃபில்டரை உடைத்து எடுத்துவிட்டு, திரும்ப வெல்டிங் வைத்து பெயிண்ட் அடித்திருந்தார்கள். டிஇஎஃப்பை அளந்து அனுப்பும் டோசிங் பம்ப் உள்ளே வெள்ளைக் கல்லாக இறுகிக் கிடந்தது. முதலில் யாரோ டூப்ளிகேட் டிஇஎஃப் ஊற்றி அடைத்திருக்கிறார்கள், செலவுக்குப் பயந்து இந்த டப்பாவை மாட்டியிருக்கிறார்கள் என்பது சர்வீஸ்காரர்களின் ஊகம். நம்பும்படிதான் இருந்தது. டிஇஎஃப் என்பது 32.5 சதவீதம் சுத்தமான யூரியாவும், மீதி தாது நீக்கிய தண்ணீரும். வயலுக்குப் போடும் யூரியாவில் 2015-லிருந்தே வேப்பெண்ணெய் பூச்சு கட்டாயம். அதைக் கரைத்துக் கேனில் அடைத்து விற்றால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் என்ன ஆகும் சொல்லுங்கள். எஸ்டிமேட் நான்கு லட்சத்தைத் தாண்டியது. வாரண்டி கிடையாது, வயரை வெட்டியிருக்கிறதே.

புகைச் சான்றிதழ் எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். டீசல் வண்டிக்கு அங்கே பார்ப்பது புகையின் அடர்த்தியை மட்டும்தான். டிஇஎஃப் குறைப்பது நைட்ரஜன் ஆக்சைடை, அதை அந்த மெஷின் அளப்பதே இல்லை.

வாங்கப் போகிறவர்கள் செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. இன்ஜின் ஆறியபின் சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுத் துடையுங்கள். நல்ல டிபிஎஃப் உள்ள பிஎஸ்6-இல் விரல் ஏறக்குறைய சுத்தமாக வரும். கரி அப்பினால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். சாவியைத் திருப்பும்போது இன்ஜின் விளக்கு ஒரு தடவை எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கையே வேலை செய்யாமல் ஆக்கியிருக்கலாம். டிஇஎஃப் கணக்கையும் கேளுங்கள்: நூறு லிட்டர் டீசலுக்குச் சுமாராக மூன்றிலிருந்து ஐந்து லிட்டர் போக வேண்டும். "குடிக்கவே குடிக்காது" என்பது பெருமை இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், அட்வான்ஸ் கொடுக்கும் முன் வண்டியைக் கம்பெனி சர்வீஸுக்கு ஓட்டிப்போய் ஸ்கேனர் போடுங்கள், சேஸிஸ் நம்பரை வைத்து சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்கள். விற்பவர் இதற்கு மட்டும் நேரமில்லை என்பார்.

இந்த டப்பாவோடு மாட்டினால் கேஸ் ஓட்டுகிறவர் மேலும் ஓனர் மேலும்தான். மாசு விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இல் 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும், லைசென்சுக்கும் மூன்று மாதம் தடை. மாட்டிவிட்டவன் எங்கோ இருப்பான்.

விற்றவரிடம் போனோம். "உள்ளது உள்ளபடின்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்று பேப்பரை நீட்டினார். புரோக்கர் போனை எடுப்பதில்லை. பழைய வண்டி விற்கும் யார்டில் தெரிந்த ஒருவர் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "இங்க பாதி வண்டி அப்படித்தானுங்க" என்றார். அது ஆறுதலுக்குச் சொன்னதா மிரட்டலா என்று இன்னும் தெரியவில்லை.

லாரி வியாபாரத்துக்கு வாங்கியது, நுகர்வோர் ஆணையம் எடுக்காது என்று பலர் சொன்னார்கள். முழுக்க அப்படி இல்லை. சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டுமே வாங்கி ஓட்டுகிறவரை 2019 சட்டம் நுகர்வோர் என்றுதான் சொல்கிறது. மச்சானே ஓட்டுகிறார், இருப்பதும் இந்த ஒரு வண்டிதான். கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சர்வீஸ் சென்டரில் எழுதி வாங்கிய ரிப்போர்ட், டப்பாவைக் கழற்றும்போது எடுத்த வீடியோ, விற்றவர் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் எல்லாவற்றையும் வைத்து மனு போட்டிருக்கிறோம். உங்களுக்கும் இதே மாதிரி டப்பா கிடைத்திருந்தால், கழற்றுவதற்கு முன் வீடியோ எடுங்கள், டப்பாவை யாரிடமும் கொடுக்காதீர்கள்.