கறை படிந்த கார்ப்பெட்: சின்ன மெஷினா, பெரிய மெஷினா, வாடகையா, ஆளைக் கூப்பிடுவதா?

அமெரிக்காவில் வாடகை அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் வாய்ப்பது வெளிர் பழுப்பு நிறத்தில், சுவருக்குச் சுவர் விரித்து அடித்த கார்ப்பெட். அதில் சாம்பார் சிந்தும், குழந்தை பாலைக் கக்கும், பூஜை மூலையில் எண்ணெயும் குங்குமமும் சேரும். வேக்குவம் போட்டுத் தீராத இந்தக் கறைகளுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன: கையில் தூக்கிப் போகும் சின்ன ஸ்பாட் கிளீனர், நின்றபடி தள்ளும் வீட்டு மெஷின், சூப்பர் மார்க்கெட் வாசலில் நாள் வாடகைக்கு நிற்கும் கனமான மெஷின், வேனோடு வரும் ஆள். நான்கும் செய்வது ஒரே வேலைதான். சோப்புத் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும், தேய்க்க வேண்டும், திரும்ப உறிஞ்ச வேண்டும். விளம்பரங்கள் பீய்ச்சுவதையும் தேய்ப்பதையும் பற்றியே பேசும். காசு கொடுக்கும் நாம் பார்க்க வேண்டியது உறிஞ்சுவதை.

காரணம் கார்ப்பெட்டின் அமைப்பு. மேலே தெரிவது நூல். அதற்கு அடியில் பின்துணி, அதற்கும் கீழே நுரையாலான பேடிங், கடைசியில் பலகையோ கான்கிரீட்டோ. கொட்டிய காபி எந்த அடுக்கு வரை இறங்கியதோ, அதுவரை தண்ணீரும் போய்த் திரும்பி வர வேண்டும். போன தண்ணீர் அங்கேயே தங்கிவிட்டால், காயும்போது அடியிலிருக்கும் கறையையும் நூல் நுனிக்கு ஏற்றிக்கொண்டு வரும். ராத்திரி பளிச்சென்று இருந்த இடம் காலையில் மறுபடி பழுப்பாகத் தெரிவது இதனால்தான். நனைந்ததை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிட்டால் பூஞ்சை பெரும்பாலும் வராது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. அதைத் தாண்டினால் கறையோடு நாற்றமும் சேர்ந்துகொள்ளும்.

இன்னொரு விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிடலாம். பெட்டியில் 'ஹீட்' என்று எழுதியிருக்கும் மெஷின் தண்ணீரைச் சூடாக்கித் தரும் என்று நம்பிப் பலர் கூடுதலாகக் காசு கொடுக்கிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். நிமிடத்துக்கு 1 லிட்டர் பீய்ச்சும் மெஷின் அந்தத் தண்ணீரை 30 டிகிரி செல்சியஸ் உயர்த்த வேண்டுமென்றால் அதற்கு மட்டுமே சுமார் 2,100 வாட் வேண்டும். அமெரிக்க வீட்டின் சாதாரண சாக்கெட் 120 வோல்ட், 15 ஆம்பியர். முழுக்க இழுத்தாலும் 1,800 வாட்தான். அதிலும் பெரும்பங்கு மோட்டாருக்குப் போய்விடும். ஆக, இந்த ஹீட்டரால் ஆகக்கூடியது நீங்கள் ஊற்றிய குழாய் வெந்நீர் சீக்கிரம் ஆறாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். குழாயில் வரும் வெந்நீரையே ஊற்றுங்கள். அடுப்பில் கொதிக்க வைத்து ஊற்றினால் டாங்க் வளையும், பம்ப் போகும்.

சின்ன மெஷின்

இதில் பலருக்கும் தெரிந்த பெயர் பிஸ்ஸல் லிட்டில் கிரீன். டாங்க் ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. விலை 100 டாலரிலிருந்து 130 டாலர் வரை, தள்ளுபடி நாட்களில் இன்னும் கீழே. ஒரு ஹோஸ், நுனியில் உள்ளங்கை அகல பிரஷ், அவ்வளவுதான். முழு ஹாலையும் இதை வைத்துச் சுத்தம் செய்கிறேன் என்று உட்கார்ந்தால் முழங்கால் போய்விடும். ஆனால் குறிப்பிட்ட ஒரு கறைக்கு இதை மிஞ்சிய வீட்டு மெஷின் இல்லை என்பேன். உறிஞ்சும் வாய் சின்னதாக இருப்பதால் காற்றின் விசை முழுவதும் அந்தச் சின்ன இடத்திலேயே விழுகிறது. கையால் அழுத்திப் பிடிக்கவும் முடிகிறது.

நுனியில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் இருக்கும்; கண் அங்கேயே இருக்கட்டும். முதல் இழுப்பில் டீ நிறத்தில் தண்ணீர் சரசரவென்று ஏறும். அப்புறம் கலங்கலாகும், அதற்கும் அப்புறம் தனித்தனித் துளிகளாக ஓடும். துளி வருவது நிற்கும் வரை, தண்ணீர் பீய்ச்சும் டிரிக்கரைத் தொடாமல் உலர் இழுப்பாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு முறை நனைத்தால் மூன்று முறையாவது உலர் இழுப்பு. பொறுமை இல்லாதவர்கள் இங்கேதான் அவசரப்படுவார்கள்.

மெஷின் எதுவானாலும் எந்தக் கறை என்று தெரியாமல் இறங்கக் கூடாது. நம் வீடுகளில் முதல் எதிரி மஞ்சள். அதிலுள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் தண்ணீரில் கரைவது அரிது. எண்ணெயிலும் ஆல்கஹாலிலும்தான் நன்றாகக் கரையும். காரப்பொருள் (ஆல்கலி) பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவப்பது இதே வேதியியல்தான். கார்ப்பெட் சோப்புகளிலும் ஆக்சிஜன் பிளீச் பவுடர்களிலும் பல காரத்தன்மை உள்ளவை. சாம்பார்க் கறையில் அதை ஊற்றியதும் மஞ்சள் போய்ச் செம்பழுப்பாக விரிவதைப் பார்த்து, கறை பெரிதாகிவிட்டது என்று பயந்து இன்னும் தேய்ப்பவர்கள் உண்டு. தேய்க்காதீர்கள். வெள்ளை வினிகரைத் தண்ணீரில் கலந்து ஒற்றினால் நிறம் மறுபடி மஞ்சளாகும்.

மஞ்சளை முறையாக எடுக்க, முதலில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பால் எண்ணெயை எடுத்து மெஷினால் அலசி உறிஞ்சுங்கள். பிறகு வெள்ளைத் துணியில் ரப்பிங் ஆல்கஹாலை நனைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுங்கள். கார்ப்பெட்டில் நேரடியாக ஊற்றினால் பின்துணியின் பசையைப் பதம் பார்த்துவிடும். மிச்சமிருக்கும் மஞ்சளுக்கு மருந்துக்கடையில் பழுப்பு பாட்டிலில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. முன்னதாக அலமாரிக்குள் கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பாருங்கள். கார்ப்பெட்டின் சாயமே வெளுக்கலாம். கறை பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தால் திரையை விலக்கி வையுங்கள். மஞ்சள் வெயிலுக்கு வெளுக்கும்.

காபிக்கும் டீக்கும் வினிகர்த் தண்ணீர், ரத்தத்துக்குக் குளிர்ந்த தண்ணீர், பாலுக்கும் வாந்திக்கும் என்சைம் கிளீனர். சிவப்பு ஜூஸ் நைலான் கார்ப்பெட்டில் விழுந்தால் தாமதிக்கவே கூடாது. நைலானுக்குத் தொழிற்சாலையில் சாயம் ஏற்றும் அதே வழியில்தான் ஜூஸின் நிறமும் ஏறுகிறது. டூபான்ட் நிறுவனம் 1986-ல் ஸ்டெயின்மாஸ்டர் என்ற கறை ஒட்டாத கார்ப்பெட்டைக் கொண்டுவந்தபோது செய்தது, சாயம் ஒட்டும் அந்த இடங்களை முன்கூட்டியே அடைத்து வைத்ததுதான். வாடகை வீட்டுப் பழைய கார்ப்பெட்டில் அந்தக் கவசம் எவ்வளவு மிச்சமிருக்கும் என்பது வேறு கதை. பாலியெஸ்டரும் ஒலிஃபினும் ஜூஸுக்கு அசையாது, ஆனால் எண்ணெயை விடாது.

நின்று தள்ளும் மெஷின்

பிஸ்ஸலின் புரோஹீட், ஹூவரின் பவர்டாஷ், ஸ்மார்ட்வாஷ் எல்லாம் இந்த வகை. 100 டாலரை ஒட்டியும் கிடைக்கும், 300 டாலருக்கும் கிடைக்கும். பிஸ்ஸல் 1876-ல் மிஷிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸில் கார்ப்பெட் பெருக்கும் கருவியோடு தொடங்கிய கம்பெனி. கணவர் இறந்தபின் 1889 முதல் அதை நடத்திய அன்னா பிஸ்ஸல், அமெரிக்காவில் ஒரு கம்பெனிக்குத் தலைமையேற்ற முதல் பெண்களில் ஒருவர்.

கதை நன்றாக இருக்கிறது, ஆனால் வாடகை அபார்ட்மென்ட்காரர்களுக்கு இந்த வகையை நான் சொல்ல மாட்டேன். உறிஞ்சும் வாய் அகலம், மோட்டார் நடுத்தரம், விசை பரவிப்போகிறது. நடைபாதை போல் அழுக்கேறிய இடம் நன்றாகவே வெளுக்கும், ஆழக் கறைக்கு எட்டாது. சுழலும் பிரஷில் தலைமுடி சுற்றிக்கொள்ளும். உள்ளே சேரும் ஈர உருண்டையைக் கையால் பிடுங்க வேண்டும். ஒரு பெட்ரூம் வீட்டில் இதை எங்கே வைப்பது என்பதும் ஒரு தலைவலி. சொந்த வீடு, இரண்டு சின்னக் குழந்தைகள், ஒரு நாய் என்று இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. மாதம் ஒருமுறை எடுத்து ஓட்டுவார்கள், கறை ஊறவே நேரமிருக்காது. அவர்களுக்கு ஒரு வருடத்திலேயே போட்ட காசு திரும்பிவிடும்.

வாங்குவதானால் ஸ்மார்ட்வாஷ் மாதிரி, தள்ளும்போது தண்ணீர் விட்டு இழுக்கும்போது உறிஞ்சிக்கொள்ளும் வகை பழகாத கைக்கு நல்லது. டிரிக்கரை அழுத்திக்கொண்டே போய் அறையைக் குளமாக்கும் ஆபத்து குறைவு.

நாள் வாடகை மெஷின்

ரக் டாக்டரின் சிவப்பு மெஷினையோ பிஸ்ஸலின் பச்சை மெஷினையோ பார்க்காத ஊர் குறைவு. ஒரு நாளைக்கு 35, 40 டாலர். சோப்பு தனி, அதற்கு ஒரு 20 டாலர். சோபாவுக்கான ஹோஸ் வேண்டுமென்றால் அதற்கும் தனிக் காசு கேட்பார்கள். மெஷின் காலியாகவே 15 கிலோவுக்கு மேல் இருக்கும். மாடி வீட்டுக்கு ஏற்ற இரண்டு பேர் வேண்டும். பழைய ரக் டாக்டர் மாடல்கள் பின்னோக்கி இழுக்கும்போது மட்டுமே வேலை செய்யும். மறுநாள் தோள்பட்டை அதைச் சொல்லும். பச்சை மெஷின் இரு பக்கமும் வேலை செய்யும்.

ஆனால் உறிஞ்சும் விசையில் நின்று தள்ளும் வீட்டு மெஷினுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தண்ணீரின் நிறத்திலேயே தெரியும். வீட்டு மெஷினால் சுத்தமாகிவிட்டது என்று நினைத்த அறையில் இதை ஓட்டினால் டாங்கில் மறுபடி கறுப்புத் தண்ணீர் சேரும். வீட்டைக் காலி செய்யும்போது மொத்த வீட்டையும் ஒரு தடவை அலச வேண்டும் என்றால் இதுதான் கட்டுப்படியாகும். சாமான் எல்லாம் வெளியேறிய பிறகு, சாவி கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போது எடுங்கள். காயவும் நேரம் வேண்டுமே.

பீய்ச்சுவதற்கு முன் வேக்குவம் போட்டே ஆக வேண்டும். கார்ப்பெட் அழுக்கில் பெரும்பங்கு உலர்ந்த மண்ணும் தூசியும்தான். அதை நனைத்தால் சேறு. சோப்பை பாட்டிலில் சொன்னதைவிடக் குறைத்தே ஊற்றுங்கள். கடைசிச் சுற்று வெறும் தண்ணீராக இருக்கட்டும். தங்கிப்போன சோப்பு பிசுபிசுப்பாகி அடுத்த மாதத்து அழுக்கையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். முன்பு இருந்தவர்கள் கொட்டிய சோப்பே கார்ப்பெட்டில் நிறைய இருந்தால் அழுக்குத் தண்ணீர் டாங்கில் நுரை பொங்கும். மிதவை மேலேறி உறிஞ்சும் வழியை அடைத்துவிடும், மோட்டார் சத்தம் திடீரென்று உச்சஸ்தாயிக்குப் போகும். பயப்பட வேண்டாம். அணைத்துவிட்டு டாங்கைக் காலி செய்து, அதில் கொஞ்சம் வினிகர் விட்டு மறுபடி போடுங்கள். பேக்கிங் சோடாவைத் தூவிவிட்டு மெஷின் ஓட்டும் யோசனை வேண்டாம். பிசுக்காகி உள்ளே அடைக்கும்.

ஓட்டி முடித்ததும் ஃபேன், ஏசி இரண்டையும் போட்டு விடுங்கள். ஆழமான கறை இருந்த இடத்தில் வெள்ளைத் துண்டுகளை நான்காக மடித்து வைத்து, அதன் மேல் பிளாஸ்டிக் கவர் விரித்து, இருபது பவுண்டு அரிசி மூட்டையை இரவு முழுக்க வைத்தால், காயும்போது மேலேறும் கறை துண்டுக்குப் போய்விடும்.

ஆளைக் கூப்பிடுவது

வேனில் வருபவர்களின் மெஷின் வேறு ஜாதி. வேனின் இன்ஜினோ தனி இன்ஜினோ பம்பையும் புளோயரையும் ஓட்டும். சாக்கெட் கணக்கு அவர்களைக் கட்டுப்படுத்தாது. தண்ணீர் 90 டிகிரி வரை சூடாக வரும், உறிஞ்சும் விசையில் ஹோஸே விறைத்து நிற்கும். சிறுநீர் பேடிங் வரை இறங்கியிருந்தால் இவர்களைத்தான் கூப்பிட வேண்டும். மேலே உள்ளங்கை அளவு தெரியும் கறை, அடியில் பேடிங்கில் தட்டு அளவுக்குப் பரவியிருக்கும். அதை எடுக்க, ஆள் மேலே ஏறி நின்று அழுத்தும் ஒரு தட்டைக் கருவி வைத்திருப்பார்கள். நீங்கள் கூப்பிடும் ஆளிடம் அது இருக்கிறதா என்று போனிலேயே கேளுங்கள். பூனைச் சிறுநீர் பழசாகி யூரிக் அமிலப் படிகமாகிவிட்டால் இவர்களாலும் முடியாமல் போகலாம். அப்போது பேடிங்கை வெட்டி மாற்றுவதுதான் வழி.

அறைக்கு இவ்வளவு என்று விளம்பரம் போட்டுவிட்டு வந்த இடத்தில் 'கறைக்குத் தனி, வாசனைக்குத் தனி' என்று ஏற்றுபவர்கள் உண்டு. மொத்தத் தொகையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதையும் விடாதீர்கள். பல கார்ப்பெட் கம்பெனிகளின் உத்தரவாதம், தொழில்முறையில் சுத்தம் செய்ததற்கு ரசீது கேட்கும். வீட்டுக்காரர் அட்வான்ஸில் கை வைத்தால் அதே ரசீது உதவும். கலிஃபோர்னியாவில் 21 நாளுக்குள்ளும் டெக்சஸில் 30 நாளுக்குள்ளும் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும், பிடித்தால் என்னென்னவென்று கணக்குக் காட்ட வேண்டும். இயல்பான தேய்மானத்துக்கு இரண்டு மாநிலத்திலும் பிடிக்கக் கூடாது. சாம்பார்க் கறை தேய்மானத்தில் சேராது என்பது வேறு விஷயம்.

ஊரிலிருந்து கொண்டுவந்த கையால் முடிந்த கம்பளி விரிப்பு, பட்டு, விஸ்கோஸ், சணல் இவற்றில் மேலே சொன்ன எதையும் வைக்காதீர்கள். சாயம் ஓடும், சணல் பழுப்பேறும். விரிப்பு கழுவும் தனிக் கடைகளுக்குத்தான் போக வேண்டும்.

அபார்ட்மென்ட்டில் இருப்பவர் என்னைக் கேட்டால், சின்ன மெஷினை வாங்கி வைத்துக்கொண்டு, பெரியதைக் காலி செய்யும்போது வாடகைக்கு எடுங்கள் என்பேன். இரண்டும் சேர்ந்தும் ஒரு நல்ல நின்று தள்ளும் மெஷினின் விலைக்குள் அடங்கும். ஊர் மாறிப் போகிறவர்கள் அந்தத் தள்ளும் மெஷினைப் பாதி விலைக்கு விற்பதும் அடிக்கடி நடக்கும். அதை எடுக்கப் போனால் ஒரு டம்ளர் தண்ணீரைத் தரையில் கொட்டி உறிஞ்சச் சொல்லுங்கள், டாங்கின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள், அழுக்குத் தண்ணீர் டாங்கைத் திறந்து முகருங்கள். நாற்றமடித்தால் கழுவாமலே மூடி வைத்த மெஷின், உள் ஹோஸிலும் பூஞ்சை இருக்கும். சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.