குஸ்டமைஸ்: ‘இஃப்’ இல்லாத ஓராண்டு

பல கணினிகளில் செயலிகளை இயக்கி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் ஒரே செயலியைச் சோதனைச் சூழலுக்கும் நேரடிச் சூழலுக்கும் வெவ்வேறு அளவில் நிறுவ வேண்டியவர்கள் முதலில் ஹெல்ம் என்ற நிறுவல் கருவியைத்தான் கையில் எடுப்பார்கள். நாங்களும் அதைத்தான் எடுத்தோம். அதன் வார்ப்புருக்களில் (மதிப்புகளை இட்டு நிரப்பும் கோப்பு அச்சுகளில்) ‘இஃப்’ என்ற நிபந்தனை எழுத முடிவது தொடக்கத்தில் பெரிய வசதியாகவே இருந்தது. ஆனால் ஒரு முறை, மதிப்புகள் எழுதும் கோப்பில் ‘ஃபால்ஸ்’ என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் இட்டுவிட்டோம். வெறுமையாக இல்லாத எந்தச் சொல்லையும் ‘உண்மை’ என்றே கொள்வது கோ மொழி வார்ப்புருவின் இயல்பு என்பதால், மூடியிருக்க வேண்டிய ஓர் இன்கிரஸ் (வெளியிலிருந்து செயலிக்கு வரும் வழி) திறந்தே கிடந்தது. தவறு எங்களுடையதுதான், என்றாலும் அந்தக் கோப்பைச் சரிபார்த்த மூவரில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

அதன்பின் குஸ்டமைஸுக்கு மாறினோம். 2018இல் அறிமுகமாகி, 2019இல் குபர்நெட்டிஸின் கட்டளைக் கருவியான கியூப்சிடிஎல் 1.14உடன் இணைக்கப்பட்ட இக்கருவியில் ‘இஃப்’ கிடையாது, சுழற்சி கிடையாது, வார்ப்புருவே கிடையாது. ‘பேஸ்’ அடைவில் அப்படியே இயக்கத்தக்க, யாமல் வடிவில் எழுதிய அமைப்புக் கோப்புகள் இருக்கும். சூழலுக்குச் சூழல் மாறுவதை மட்டும் ‘ஓவர்லே’யில் எழுத வேண்டும். நேரடிச் சூழலில் எத்தனை பாடுகள் (செயலியின் இயங்கும் பிரதிகள்) ஓடுகின்றன என்று பார்க்க ஓவர்லேயைத் திறந்தால், ‘கவுன்ட்: 6’ என்று நேராக இருக்கிறது, எந்த நிபந்தனை நிறைவேறினால் ஆறு என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. என்னை மிகவும் கவர்ந்தது, செயலியின் அமைப்பு மதிப்புகளைத் தாங்கும் கான்ஃபிக்மேப்பை உருவாக்கித் தரும் கான்ஃபிக்மேப் ஜெனரேட்டர்தான். அமைப்புக் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஒரு ஹாஷை (உள்ளடக்கத்தின் சுருக்கக் குறியை) கணித்து கான்ஃபிக்மேப் பெயரின் கடைசியில் சேர்த்துவிடுவதால், ஒரு வரி மாறினாலும் பெயர் மாறி, அடுத்து அப்ளை செய்யும்போது பாடுகள் தாமாகவே புதுப்பிக்கப்படுகின்றன.

குறைகளும் உண்டு. சூழல்கள் பெருகும்போது ஓவர்லேக்களில் ஒரே வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஜேசன் பேட்ச் என்ற திருத்த முறையில், பாடுக்குள் இயங்கும் கன்டெய்னரைப் பெயரால் அல்லாமல் வரிசை எண்ணால் குறிக்க வேண்டியிருப்பதால், முன்னால் வேறொரு கன்டெய்னர் நுழைந்தால் திருத்தம் தவறான இடத்தில் விழுந்துவிடும். கியூப்சிடிஎல் 1.20 வரை உள்ளிணைந்திருந்தது குஸ்டமைஸின் பழைய 2.0.3 பதிப்பு, 1.21இல்தான் 4.0.5க்கு உயர்த்தினார்கள். அதற்கு முந்தைய கியூப்சிடிஎல் வைத்திருப்பவர்கள் குஸ்டமைஸைத் தனியாக நிறுவிக்கொள்வதே நல்லது.

முன்பின் அறியாத பயனர்களுக்கு மென்பொருளைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பவர்களுக்கு குஸ்டமைஸ் போதாது. அவரவர் தேவை என்னவென்று தெரியாதபோது நிபந்தனைகளைத் தவிர்க்க முடியாது. அதனால் வெளியிலிருந்து பெறும் மென்பொருள்களுக்கு நாங்கள் இன்றும் ஹெல்மையே பயன்படுத்துகிறோம்.