நிலவறைக்குள் நான்கு வாசல்கள்: எதில் இறங்குவது?

பாடசாலை விடுமுறைக்கு திருகோணமலை உவர்மலையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்காவின் மகன், கட்டம் கட்டமாக நடந்து நிலவறைக்குள் இறங்கும் பழைய பாணிக் கணினி விளையாட்டு ஒன்றைத் தனக்கும் பழக்கிவிடும்படி கேட்டான். எதில் தொடங்குவது என்று தீர்மானிப்பதற்காக நான்கை அடுத்தடுத்து ஆடிப் பார்த்தோம்: 1981 இல் வெளிவந்த விசார்ட்றி, 1987 இன் டஞ்சன் மாஸ்டர், 1991 இன் ஐ ஒஃப் த பிஹோல்டர், 2012 இன் லெஜண்ட் ஒஃப் கிறிம்றொக். நான்கிலும் வீரர்களின் கண்களே நம் கண்கள். ஓரடி வைத்தால் ஒரு கட்டம், திரும்பினால் சரியாகத் தொண்ணூறு பாகை. ஆனால் நாம் யோசிக்கும்போது நேரம் காத்து நிற்கிறதா என்பதிலும், வரைபடம் யார் பொறுப்பு என்பதிலும் அவை வெகுவாக வேறுபடுகின்றன.

கோர்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த அன்ட்ரூ கிறீன்பேர்க்கும் றொபேர்ட் வூட்ஹெட்டும் அப்பிள் 2 கணினிக்காக எழுதிய விசார்ட்றியில், ஆறு பேர் கொண்ட குழுவொன்று பத்துத் தளங்கள் இறங்குகிறது. சண்டை தாயம் ஆடுவது போல முறை வைத்து நடப்பதால், நாம் விசையை அழுத்தும்வரை எதிரே நிற்கும் பூதமும் அசையாது; எழுந்துபோய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வரலாம். அந்தப் பொறுமைக்கு விலை உண்டு. இறந்தவரைக் கோயிலில் காணிக்கை கட்டி எழுப்ப முயலலாம். முயற்சி தவறினால் உடல் சாம்பலாகும். மறுமுறையும் தவறினால் அந்த ஆளின் பெயரே பதிவேட்டிலிருந்து போய்விடும். ஆறு பேரும் உள்ளேயே மாண்டால், சடலங்களைத் தேடி எடுத்துவர வேறொரு குழுவைத் திரட்டி அனுப்பவேண்டும். நாங்கள் ஆடியது 2024 இல் டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட மறு ஆக்கம். புதிய படங்களுக்கு அடியில் பழைய நிரலே ஓடுகிறது. மூல அப்பிள் திரையையும் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு தளமும் இருபதுக்கு இருபது கட்டம் என்பதால், மத்திய வீதியில் வாங்கிய சதுரக்கோட்டுக் கொப்பியின் ஒரு பக்கத்தில் ஒரு தளம் அடங்கிவிடுகிறது. இங்கே சுவர் என்பது இரண்டு கட்டங்களுக்கு இடையிலுள்ள வெறும் கோடுதான். கொப்பியில் ஏற்கெனவே அச்சிட்டிருக்கும் கோட்டின்மேல் பென்சிலை அழுத்தினால் போதும். ஆனால் வழிகள் எல்லாம் ஒரே முகம். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் பார்வைக்கு ஒன்றுபோலச் சதுரமாக இருக்க, தண்ணீரை அள்ளி ஊற்றிய பிறகே சூட்டின் ஏற்ற இறக்கம் தெரிவதைப் போல, இங்கும் காலை வைத்த பிறகுதான் கட்டத்தின் குணம் தெரியும். சில கட்டங்கள் நம்மை அறிவிப்பின்றி வேறு திசைக்குத் திருப்பிவிடுகின்றன.

ஒரு பிற்பகல் ஆளுக்கொரு கொப்பியில் ஒரே தளத்தை வரைந்துகொண்டிருந்தபோது மருமகன் தலையை நிமிர்த்தி, "மாமா, நான் கீறின சுவரும் நீங்கள் கீறின சுவரும் இடிபடுது" என்றான். அவனுடைய வழி கிழக்கே போயிற்று, என்னுடையது வடக்கே. டூமாப்பிக் என்ற மந்திரத்தைச் சொன்னோம். அது குழு பார்க்கும் திசையையும், மேலே ஏறும் படியிலிருந்து எத்தனை கட்டம் தள்ளி நிற்கிறோம் என்பதையும் எழுத்தில் சொல்லும். பிழை என்னுடையது. எட்டுக் கட்டங்களை அழிறப்பரால் அழிக்கவேண்டியிருந்தது.

எஃப்டிஎல் நிறுவனம் அட்டாரி எஸ்டி கணினிக்காக ஆக்கிய டஞ்சன் மாஸ்டர் இந்த அமைதியைக் கலைத்துவிட்டது. இருபத்துநான்கு பேரிலிருந்து நால்வரைத் தெரிந்துகொண்டு இறங்கியதும் நேரம் ஓடத் தொடங்கும்: தீப்பந்தம் மங்கும், பசியும் தாகமும் ஏறும், மூலைக்கு அப்பாலுள்ள மிருகம் தன்பாட்டில் நடந்துவரும். அலறும் காளான்களை வெட்டி அவற்றின் துண்டுகளையே தின்று பிழைக்கவேண்டும். மந்திரம் பட்டியலில் இருந்து வருவதன்று. வலிமைக்கு ஓர் எழுத்து, அதன்பின் ஃபுல், அதன்பின் இர் என்று குறிகளை நம் கையாலேயே கோத்தால் தீயுருண்டை பாயும். மிகவும் பிடித்தது கதவுதான். பூதம் வாசலில் நிற்கும்போது பொத்தானை அழுத்திக் கதவை அதன் தலையில் இறக்கலாம். வாளெடுக்காமல் வென்ற அந்த முதல் வெற்றியை யாரும் நமக்குக் கற்றுத்தந்திருக்கமாட்டார்கள். வரைவதுதான் சிரமம். சுவர் இங்கே ஒரு முழுக் கட்டத்தையே அடைத்துக்கொள்வதால் கொப்பியில் கட்டத்தை நிரப்பிக் கறுப்பாக்கவேண்டும். அதற்குள் முதுகுப்பக்கம் ஏதோ கடித்துவிடுகிறது.

வெஸ்ட்வுட் ஆக்கிய ஐ ஒஃப் த பிஹோல்டரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. டஞ்சன் மாஸ்டரின் நடையை எடுத்து, மேசையைச் சுற்றியிருந்து ஆடும் டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டின் விதிகளை ஏற்றி, கண்ணுக்கு அழகான சாக்கடைச் சுவர்களை வரைந்திருக்கிறார்கள். ஆனால் கணினிப் பதிப்பில் சேமிப்பதற்கு ஒரேயோர் இடம்தான். இடையில் தவறாகச் சேமித்தால் திரும்ப வழியில்லை. 2022 இல் மின்சாரம் மணிக்கணக்கில் நின்ற நாட்களில், சேமிக்காத ஒரு மணி நேர நடையை இதில் இழந்தேன். அது விளையாட்டின் குற்றம் அல்ல என்றாலும் கசப்பு போகவில்லை. முடிவும் இரண்டு பந்தி எழுத்தோடு சட்டென்று அறுந்துவிடுகிறது.

பின்லாந்தின் ஓல்மோஸ்ட் ஹியூமன் என்ற சிறிய குழு ஆக்கிய கிறிம்றொக் இவற்றில் பழகுவதற்கு மிக எளியது. நான்கு கைதிகளை ஒரு மலையின் உச்சியிலிருந்து உள்ளே தள்ளிவிடுகிறார்கள். கீழே வந்து சேர்ந்தால் மன்னிப்பு. நடக்க நடக்க வரைபடம் தானாகவே உருவாகும்; வேண்டாம் என்றால் தொடங்கும்போதே பழைய முறையைத் தெரிவுசெய்து அதை நிறுத்திவிடலாம். நிறுத்தி ஆடுவதே நல்லது என்பேன். தானாக வரும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பவன் சுவரைப் பார்ப்பதில்லை. சுவரில் கல்லோடு கல்லாக ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு பொத்தான்களில்தான் இந்த விளையாட்டின் பாதி இருக்கிறது. எதிரியைச் சுற்றி நாலு கட்டத்தில் வட்டமிட்டு அடியே வாங்காமல் கொல்லும் தந்திரம் இங்கும் செல்லுபடியாவதால், சண்டை சில இடங்களில் கும்மியடிப்பதைப் போல ஆகிவிடுகிறது. டஞ்சன் மாஸ்டரிலிருந்து வந்த பழைய நோய் அது.

என் வாக்கு டஞ்சன் மாஸ்டருக்கு. கதவும் காளானும் தீப்பந்தமும் ஒன்றையொன்று பாதிக்கும் அந்த நெருக்கம், இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்த கிறிம்றொக்கிலும் அவ்வளவு இறுக்கமாக இல்லை. மருமகனுக்கோ கிறிம்றொக்கே பொருந்தும் என்று நினைத்திருந்தேன். அவன் விசார்ட்றியை எடுத்துக்கொண்டான்: தான் கோடு கீறி முடிக்கும்வரை அது ஒன்றுதான் காத்திருக்கிறதாம். கொப்பி இப்போது அவனிடம். இரண்டாம் தளம் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தை நான் அழித்து அழித்துக் கிழித்துவிட்டேன்.