ரீலோடா, ரீல் இல்லாமலா: மலையோடை ட்ரவுட்டுக்கு எந்தத் தூண்டில்?

மலைமேல் உள்ள சின்ன ஓடைகளில் நாட்டு ட்ரவுட் (குளிர்ந்த நீரில் வாழும் மீன்) பிடிக்கப் போகிறவர்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டிலும் தூண்டிலில் மாட்டுவது முள்ளில் இறகு கட்டிச் செய்த போலிப் பூச்சி; இனி பூச்சி என்று நான் சொல்வது பெரும்பாலும் அதைத்தான். ஒன்று, ஃப்ளை ஃபிஷிங் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிற ரீல் வைத்த கோல். இன்னொன்று, ஜப்பானிய மலைகளில் பிறந்த டென்காரா. இதில் ரீல் கிடையாது, தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களும் கிடையாது. கோலின் நுனியிலேயே நரம்பைக் கட்டிவிடுவார்கள். இரண்டையும் ஒரே ஓடையில் மாற்றி மாற்றி வீசிப் பார்த்துவிட்டு, மூன்று பருவங்களுக்கு முன் நான் டென்காராவுக்கு மாறினேன். அதனால் இதை நடுநிலையான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏன் மாறினேன், எங்கே இன்னும் ரீலைத் தேடுகிறேன் என்பதைச் சொல்கிறேன்.

சுமையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 3.6 மீட்டர் டென்காரா கோல் ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கி அரை மீட்டர் அளவுக்கு வந்துவிடும், எடை 100 கிராமுக்கும் குறைவு. நான்கு துண்டாகக் கழற்றும் ரீல் கோலும் ஏறக்குறைய அதே நீளத்தில் பைக்குள் அடங்கும், ரீலும் நரம்பும் சேர்ந்து கொஞ்சம் கூடுதலாகக் கனக்கும். நாள் முழுக்க நடந்தாலும் தோளுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. பழகுவதற்கு டென்காராதான் சுலபம். சரி, விஷயத்துக்கு வருவோம்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்றுதான்: நரம்பு தண்ணீரைத் தொடுகிறதா, இல்லையா.

செங்குத்தாக இறங்கும் ஓடையில் தண்ணீர் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நடுவில் ஒரு பெரிய பாறை இருக்கிறது என்று வையுங்கள். இரு பக்கமும் வெள்ளை நுரையோடு தண்ணீர் பாய்கிறது. பாறையின் முதுகுக்குப் பின்னால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓர் இடம் மட்டும் மெதுவாகச் சுழல்கிறது. மீன் அங்கேதான் நிற்கும். ஓட்டத்தோடு மல்லுக்கட்டாமல் நின்றபடி, பக்கத்தில் அடித்துவரும் பூச்சியை எட்டிக் கவ்விக்கொள்ளும். நீங்கள் நிற்பது இந்தக் கரையில். உங்களுக்கும் அந்தத் தட்டுக்கும் நடுவே பாய்கிற தண்ணீர். ரீல் கோலில் வீசினால் பூச்சி சரியான இடத்தில் விழும், ஆனால் தடித்த நரம்பு நடுவிலுள்ள பாய்ச்சலில் விழும். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் நரம்பு வில்லாக வளைந்து பூச்சியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். பூச்சிக்குப் பின்னால் தண்ணீரில் ஒரு கீறல் விழும். நிஜப் பூச்சி எதுவும் அப்படிக் கோடு கிழித்துக்கொண்டு போகாது. மேலே வந்த மீன் பாதியிலேயே திரும்பி அடியில் மறைந்துவிடும்.

இதற்குக் காரணம் நரம்பின் எடையிலேயே இருக்கிறது. ஃப்ளை ஃபிஷிங்கில் பூச்சிக்கு எடையே இல்லாததால் நரம்பின் எடைதான் கோலை வளைத்து வீச்சைக் கொண்டுபோகிறது. சின்ன ஓடைகளுக்கு வழக்கமான 3-ஆம் எண் நரம்பின் முதல் 9 மீட்டர் சுமார் 6.5 கிராம் இருக்க வேண்டும் என்பது நிர்ணயம். அந்த 9 மீட்டரும் வெளியே இருந்தால் கோல் நன்றாக வளையும். ஆனால் மலையோடையில் யார் அவ்வளவு தூரம் வீசுகிறார்கள்? மூன்று, நான்கு மீட்டர்தான் வெளியே போகும். ஆக, கோல் சரியாக வளையத் தேவையான எடை கிடைப்பதில்லை. தண்ணீரில் விழுந்து இழுபடும் தொல்லை மட்டும் மிச்சம். கோல் நுனியை உயர்த்தி நரம்பைத் தூக்கிப் பிடிக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் பல வருடம் அதைத்தான் செய்தேன். இரண்டு மீட்டர் சொச்சம் உள்ள கோலில் கை முழுக்க நீட்டினாலும் எட்டாத இடங்கள் நிறைய. எட்டினாலும் தடித்த நரம்பு தன் கனத்தால் தொய்ந்து, பூச்சியை நம் பக்கமே இழுத்துவரும்.

டென்காராவில் நரம்பு 0.3 மில்லிமீட்டர் தடிமன்தான். அதன் முனையில் இன்னும் மெல்லிய ஒரு மீட்டர் இழை, அதில் பூச்சி. கோல் நீளமாக இருப்பதால் பாய்ச்சலுக்கு மேலாகக் கையை நீட்டி நரம்பு முழுவதையும் காற்றிலேயே வைத்துக்கொள்ளலாம். மெல்லிய இழையின் முனையும் பூச்சியும் மட்டும் தண்ணீரில் இருக்கும். அந்தத் தட்டுக்குள் பூச்சி தன்பாட்டுக்குச் சுற்றும். ஐந்து நொடி, ஆறு நொடி. முதல் நாள் இதைப் பார்த்தபோது, இத்தனை வருடம் எத்தனை பாறைகளைச் சும்மா கடந்து போயிருக்கிறோம் என்று மனது அடித்துக்கொண்டது.

நாட்டு ட்ரவுட்டின் சுபாவமும் இதற்கு ஒத்துப்போகிறது. குளிர்ந்த மலைநீரில் இரை குறைவு, வளரும் காலமும் குறுகியது. ஜப்பானின் இவானா, யமாமே ஆகட்டும், ராக்கி மலைகளின் கட்த்ரோட் ஆகட்டும், சின்ன ஓடையில் பெரும்பாலானவை 15 முதல் 25 சென்டிமீட்டர்தான் இருக்கும். வந்த இரையை விட முடியாத மீன்கள் இவை. பூச்சி என்ன இனம், என்ன நிறம் என்று அவ்வளவாகப் பார்ப்பதில்லை. அது எப்படி நகர்கிறது என்பதைப் பார்க்கும். டென்காராக்காரர்கள் பலர் இறகை முன்பக்கமாகச் சாய்த்துக் கட்டிய ஒரே வகைக் கெபாரிப் பூச்சியோடு பருவம் முழுவதையும் ஓட்டுவது இதனால்தான். என் டப்பாவிலும் இப்போது இரண்டு வகைதான். இரண்டிலும் முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கி வைத்திருக்கிறேன், மீனை நோகாமல் விடுவிக்க.

ரீல் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. முதலாவது காற்று. எதிர்க்காற்றில் டென்காராவின் மெல்லிய நரம்பு போகவே போகாது. இரண்டாவது, இரு கரையிலும் புதர் மூடிக் குகை போலாகிவிட்ட ஓடை. அங்கே நீளக் கோல் கிளைகளில் சிக்கும். சின்ன ரீல் கோலில் பூச்சியை விரல்களில் பிடித்து, கோலை வில்லாக வளைத்து விடுவதுதான் வழி. நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் டென்காரா கோல்கள் இதற்கு உதவும் என்கிறார்கள். இரண்டே நாள்தான் அதில் மீன் பிடித்திருக்கிறேன், அதனால் உறுதியாகச் சொல்லமாட்டேன்.

பெரிய மீன் விஷயத்திலும் என் அனுபவம் மெலிதுதான். என் ஓடைகளில் 30 சென்டிமீட்டரைத் தாண்டுவதே அபூர்வம். டென்காராவில் நரம்பை விட்டுக்கொடுக்க முடியாது. மீன் ஓடினால் நாமும் கரையோரம் கூடவே ஓட வேண்டும். ஒரே ஒரு முறை ஒரு பெரிய மீன் கீழ்க்கசத்துக்குப் பாய்ந்தது, இழை அறுந்தது. ரீல் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

பராமரிப்பில் ஒரு எச்சரிக்கை. டென்காரா கோலின் நுனித்துண்டு தீக்குச்சியைவிட மெல்லியது. பூச்சி கிளையில் மாட்டிக்கொண்டால் கோலால் இழுக்கவே கூடாது. கோலை மடக்கிவிட்டு நரம்பைக் கையில் பிடித்து இழுங்கள். 0.15 மில்லிமீட்டரைவிடத் தடித்த இழையைக் கட்டாதீர்கள், இழை மெல்லியதாக இருந்தால்தான் இழுவையில் கோலுக்கு முன் இழை அறும். வீட்டுக்கு வந்ததும் அடிமூடியைத் திருகித் துண்டுகளைக் கழற்றி, மணலைக் கழுவிக் காயவையுங்கள். வேறு ஓடைக்குப் போகுமுன் காலணியையும் அப்படியே கழுவிக் காயவைத்துவிடுங்கள். ஈரக் காலணியில் ஒட்டிக்கொண்டு போகும் நோய்க்கிருமி அருவிக்கு மேல் ஒதுங்கிப் பிழைத்திருக்கும் ஒரு மீன்கூட்டத்தையே அழித்துவிடலாம். இது எந்தக் கோல் வைத்திருப்பவருக்கும் பொருந்தும்.

இப்போது என் பையில் நிரந்தரமாக இருப்பது டென்காரா கோலும் ஒரு மாற்று நுனித்துண்டும். ஓடையின் தலைப்பில் ஏரி இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் ரீல் கோலையும் எடுத்துக்கொள்வேன். மரமில்லாத அந்த உயரத்தில் மதியத்துக்கு மேல் காற்று கிளம்பிவிடும், மீன்களும் கரையிலிருந்து தள்ளித்தான் மேலே வரும்.