தோலா, குடுவையா? மிருதங்கமும் ஜெம்பேயும்

ஒரு தோலை வளையத்தில் இழுத்துக் கட்டித் தட்டினால் 'தொம்' என்று கேட்கும். அது ஸட்ஜமா பஞ்சமமா என்றால் சொல்லத் தெரியாது. வீணைத் தந்தி அதிரும்போது அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் 2, 3, 4 மடங்குகளும் ஒலிக்கும். காது அதைச் சுருதியாகப் பிடித்துக்கொள்ளும். வட்டத் தோலிலோ மேல் அதிர்வுகள் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று தாறுமாறாக வரும். இந்தச் சிக்கலை மிருதங்கம் ஒரு விதமாகத் தீர்க்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஜெம்பே, தீர்க்காமலேயே வேலையை முடித்துக்கொள்கிறது.

மிருதங்கம் தோலையே திருத்துகிறது. வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) நடுவில் உள்ள கரணை அழகுக்கு வைத்த பொட்டு அல்ல. கிட்டம் என்ற கரிய கல்லின் பொடியையும் சோற்றையும் பிசைந்து, மெல்லிய அடுக்குகளாகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவது. நடுவில் கனம் ஏறியதும் அடிப்படை அதிர்வு அதிகமாகக் கீழே இறங்கும், மற்றவை அவ்வளவாக இறங்காது. 1.59 என்று இருந்தது 2-க்கு அருகே வந்துவிடும். இதை விளக்கி சி.வி. ராமன் 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார், நோபல் பரிசுக்குப் பத்து ஆண்டுகள் முன்பே. எந்தச் சமன்பாடும் இல்லாமல், காதை மட்டும் நம்பிக் கரணையைக் கண்டுபிடித்தவர்களை நினைத்தால்தான் எனக்கு அதைவிட ஆச்சரியம்.

மோதிர விரலைக் கரணையின் ஓரத்தில் லேசாக வைத்துக்கொண்டு ஆட்காட்டி விரலால் மீட்டில் (விளிம்பை ஒட்டிய வளையத் தோலில்) தட்டினால் 'நம்' வரும். வைத்த விரல் அடிப்படை அதிர்வை அமுக்கிவிடுகிறது. கணீரென்று கேட்பது அதற்கு அடுத்து மேலே உள்ள, இரண்டு மடங்கு அதிர்வு. தொட்டுக்கொண்டிருக்கும் விரலும் வாசிக்கிறது என்று சொல்லலாம். இடப்பக்கத் தொப்பியில் ஈர ரவை அப்புவதும் இதே கணக்குதான்: கனம் கூடினால் சுருதி இறங்கும்.

சரி, ஜெம்பே? அதன் தோலில் எதுவும் பூசுவதில்லை. மெல்லிய ஆட்டுத்தோல், கயிற்றால் விறைப்பாக இழுத்தது, அவ்வளவுதான். வேலையில் பாதி கீழே இருக்கும் மரக் குடுவையுடையது. அகன்ற வயிறு, குறுகிய கழுத்து, திறந்த அடிவாய். காலிப் பாட்டிலின் வாயில் ஊதினால் 'பூ' என்று வருமே, அதே காற்றதிர்வுதான் நடுவில் அறைந்தால் எழும் ஆழ்ந்த 'பேஸ்' ஒலிக்கு அடித்தளம். ஜெம்பேயைத் தரையில் சப்பென்று நிமிர்த்தி வைத்து அடித்துப் பாருங்கள், அடிவாய் அடைபட்டு பேஸ் செத்துப்போகும். சற்றுச் சாய்த்தால் திரும்பி வரும்.

ஓரத்தில் அடிக்கும்போது நிலைமை வேறு. விரல்களைச் சேர்த்து அடித்தால் உருண்டையான 'டோன்'. தளர்த்தி விசிறி அடித்தால் மேல் அதிர்வுகள் தூக்கலாகி 'ஸ்லாப்' என்று வெடிக்கும். அந்தத் தாறுமாறான அதிர்வுகளை ஜெம்பே மறைப்பதில்லை, அதைத்தான் கார சாரமாகப் பயன்படுத்துகிறது.

பாடகரின் ஸட்ஜத்தோடு ஒட்டி நிற்க வேண்டுமென்றால் மிருதங்கம்தான்; கல்லும் புள்ளும் (சிறு மரக்கட்டை) கொண்டு விளிம்பைத் தட்டி இம்மி இம்மியாகச் சேர்க்கலாம். திறந்த வெளியில் மைக் இல்லாமல் ஆட்டத்துக்கு வாசிக்க ஜெம்பே. எனக்குக் கேட்க மிருதங்கம் பிடிக்கும், அடித்துப் பார்க்க ஜெம்பே: முதல் நாளே பேஸ் வந்துவிடும், 'நம்' அவ்வளவு சீக்கிரம் வராது.