தொழில் கணக்கில் ஒன்லைன் வசதி "ரெடி" என்று வங்கி சொன்னால், உடனே நம்பிவிடாதீர்கள்

கொழும்பில் சின்னதாகத் தொழில் நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "எங்களிடம் ஒன்லைன் வசதி நல்லம், ஒரு கிழமையில் எல்லாம் செய்து தருவோம்" என்ற பேச்சைக் கேட்டு தொழில் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றும் யோசனையில் இருந்தால், இதை முழுக்க வாசித்துவிட்டு முடிவெடுங்கள். வங்கியின் பெயரை எழுதவில்லை. முறைப்பாடு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதோடு, வேறு வங்கிகளில் கணக்கு வைத்திருக்கும் தெரிந்தவர்களிடம் கேட்டபோது அவர்களும் பாதிக்கு மேல் இதே கதையைத்தான் சொன்னார்கள்.

நானும் அத்தானும் பங்காளிகள். கொட்டாஞ்சேனையில் கேக் பெட்டி, பலகாரப் பெட்டி, கடதாசிப் பை செய்து கடைகளுக்கும் கேட்டரிங்காரருக்கும் கொடுக்கிறோம். மட்டையும் கடதாசியும் புறக்கோட்டையில் எடுக்கிறோம். முன்பு காசோலை கொடுத்தால் போதும். 2022 நெருக்கடிக்குப் பிறகு எங்களுக்கு மட்டை தருகிறவர் காசோலை வாங்குவதை விட்டுவிட்டார். காசு கணக்கில் விழுந்தால்தான் லொறியில் ஏற்றுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, திரும்பி வந்த காசோலைகளை ஒரு கட்டாகவே வைத்திருக்கிறார். எங்கள் பழைய வங்கியில் பங்குத் தொழில் கணக்குக்கு ஒன்லைனில் காசு அனுப்பும் வசதி இருக்கவில்லை. அதனால்தான் மாறினோம்.

புது வங்கியின் உத்தியோகத்தர் கடைக்கே வந்தார். நல்ல மரியாதையான பிள்ளை. வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ், பங்கு உடன்படிக்கை, இரண்டு பேரின் அடையாள அட்டை, வரி இலக்கம், கரண்ட் பில் எல்லாம் கொடுத்தோம். படிவங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. தமிழ்ப் படிவம் கேட்டதற்கு, "முடிஞ்சு போச்சு மிஸ், நான் விளங்கப்படுத்திறன்" என்றார். அத்தானுக்கு ஆங்கிலம் ஓடாது. தன் கையெழுத்து விழுகிற கடதாசியில் என்ன இருக்கிறது என்று தமிழில் வாசித்துத் தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது. அந்த உத்தியோகத்தர் அதைச் சிரித்துக் கடத்திவிட்டார். எனக்கு இன்றைக்கும் மனதில் நிற்கிற கோபம் அது.

சொன்ன கிழமை போனது, மாதமும் போனது. கிளையில் கேட்டால் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது என்பார்கள். தலைமை அலுவலகத்துக்கு எடுத்தால் கிளை இன்னும் அனுப்பவில்லை என்பார்கள். கையெழுத்து பொருந்தவில்லை என்று ஒரு தடவை, றப்பர் சீல் மங்கல் என்று இன்னொரு தடவை. இதையெல்லாம் விரித்து எழுதப் போவதில்லை, வங்கிக்குப் போய் வந்த யாருக்கும் இது தெரியும். பின்னர் ஒருநாள் "உங்கள் கணக்கு ரெடி" என்று குறுஞ்செய்தி வந்தது. உண்மையான கரைச்சல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

முதல் வேலையாக மட்டை வியாபாரிக்கு இரண்டு இலட்சத்துச் சொச்சம் அனுப்பப் பார்த்தேன். பெயர், கணக்கு இலக்கம், தொகை எல்லாம் அடித்து, டோக்கனில் வந்த இரகசிய இலக்கத்தையும் போட்டேன். திரையில் பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம், அதன் கீழே வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது என்று ஒரு வரி. அதைப் பார்க்கிற யாரும் காசு போய்விட்டது என்றுதான் நினைப்பார்கள். அவருக்கு ஸ்கிரீன்ஷொட் அனுப்பினேன். மத்தியானம் போன் வந்தது. "தங்கச்சி, காசு இன்னும் விழேல்லையே. லொறியை வைச்சுக்கொண்டு நிக்கிறன்."

தொழில் கணக்குகளில் பெரும்பாலும் காசு அனுப்புவது இரண்டு படியில் நடக்கிறது. ஒருவர் விவரங்களைப் பதிய வேண்டும், இன்னொருவர் பார்த்து அனுமதிக்க வேண்டும். வங்கிக்காரர் இவர்களை மேக்கர், ஓதரைசர் என்று சொல்வார்கள். இது நல்ல ஏற்பாடுதான். ஒருவரின் பாஸ்வேர்ட் களவு போனாலும் காசு வெளியே போகாது. நாங்கள் கொடுத்த கடிதத்தில் நான் பதிவேன், அத்தான் அனுமதிப்பார் என்று தெளிவாக எழுதியிருந்தது. ஆனால் வங்கி எங்கள் இருவரையும் மேக்கராகப் பதிந்துவிட்டது. கணக்கில் ஓதரைசர் என்று ஒருவருமே இல்லை. நான் பதிந்த எல்லாம் அனுமதிக்காகக் காத்திருக்கிறது என்ற பட்டியலில் போய் நின்றன. அத்தான் தன் பெயரில் உள்ளே போனால் அனுமதிக்கிற இடமே அவருக்குத் திரையில் வரவில்லை. அழைப்பு நிலையத்தில் எடுத்த பிள்ளை, "உங்கட ஓதரைசரிட்ட சொல்லி அப்ரூவ் பண்ணச் சொல்லுங்கோ மிஸ்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஓதரைசரே இல்லை என்பதை அவருக்கு விளங்கவைப்பதற்குள் போன் கட்டுப்பட்டது.

அன்றைக்கு லொறி வரவில்லை. அத்தான் பழைய வங்கியில் காசாக எடுத்துக்கொண்டு புறக்கோட்டைக்குப் போனார். அவ்வளவு காசை மடியில் வைத்துக்கொண்டு பிரதான வீதிச் சனத்துக்குள் நடக்க வேண்டாம் என்றுதான் வங்கியையே மாற்றினோம்.

திருத்துவதற்குப் புதிதாகப் படிவம் நிரப்பச் சொன்னார்கள். அவர்கள் விட்ட பிழைக்கு நாங்கள் திரும்பவும் கையெழுத்து. முதலில் வந்த உத்தியோகத்தர் வேறு கிளைக்கு மாற்றலாகிவிட்டார், புதியவருக்கு எங்கள் கோப்பு எங்கே என்றே தெரியவில்லை. ஒருவழியாக அத்தானை ஓதரைசராக்கினார்கள். அப்புறம் பார்த்தால் நாளாந்த லிமிட் பூச்சியம். ஒரு சதமும் போகாது. இதைக் கவனியுங்கள்: செப்ட்ஸ் முறையில், அதாவது ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனே காசு போகிற முறையில், ஒரு தடவைக்கு 50 இலட்சம் ரூபாய் வரை உடனே அனுப்பலாம் என்றுதான் விளம்பரம் சொல்லும், அது உண்மையும்கூட. ஆனால் உங்கள் கணக்கிலிருந்து எவ்வளவு போகும் என்பது வங்கி உங்கள் பெயருக்குப் போடுகிற லிமிட்டைப் பொறுத்தது. படிவத்தில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் என்ன போடுவார்கள் என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

சம்பளக் கதை தனி. எங்களிடம் வேலை செய்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான், ஆனால் ஆளுக்கொரு வங்கி. எல்லோருக்கும் ஒரே கோப்பாக ஏற்றலாம் என்று சொல்லியிருந்தார்கள். எக்செலில் செய்து ஏற்றினேன், ஏற்கவில்லை. ஏன் என்று ஒரு வார்த்தை விளக்கம் இல்லை, பதிவு செல்லுபடியாகாது என்று மட்டும் வந்தது. அழைப்பு நிலையத்துக்கும் தெரியவில்லை, கிளைக்கும் தெரியவில்லை. கடைசியில் கணக்காளராக இருக்கிற பெரியம்மா மகள்தான் ஒரு பார்வையில் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு கிளைக்கும் மூன்று இலக்கக் குறியீடு இருக்கிறது. 003 என்று அடித்தால் எக்செல் முன்னால் இருக்கிற பூச்சியங்களைத் தின்றுவிட்டு 3 என்று வைத்துக்கொள்கிறது. கணக்கு இலக்கம் பூச்சியத்தில் தொடங்கினாலும் அதே கதி. அந்தப் பத்திகளை முதலில் டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு அடித்தால் சரி. இந்த ஒரு வரியை வழிகாட்டியில் எழுதிவைக்க வங்கிக்கு என்ன செலவு?

கோப்பு ஏறிய பிறகும் காசு போகவில்லை. மொத்தமாக ஏற்றுகிற கோப்பு அங்கே ஸ்லிப்ஸ் என்ற இன்னொரு முறை வழியாகத்தான் போகுமாம். செப்ட்ஸ் எந்த நேரமும், போயா நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் உடனே போய்ச் சேரும். ஸ்லிப்ஸ் தொகுதி தொகுதியாக, வங்கி வேலை நாளில் மட்டும் போகிறது. நாங்கள் அனுமதித்தது வெள்ளிக்கிழமை பின்னேரம். சனி, ஞாயிறு, திங்கள் போயா. சம்பளத்தை நம்பி வீட்டு வாடகை சொல்லிவைத்திருந்தவர்களுக்கு நான் என்ன சொல்வது? பெட்டி ஒட்டுகிற அக்கா ஒருவர் ஒன்றும் சொல்லவில்லை, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எங்கள் சேமலாப நிதிப் பணத்தை நல்லவேளையாகப் பழைய கணக்கிலிருந்தே கட்டினோம். அடுத்த மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் மேலதிகக் கட்டணம் விழும். வங்கி பிந்தினது என்று தொழில் திணைக்களத்துக்குக் காரணம் சொல்ல முடியாது.

இனிச் சொல்லப்போவதுதான் நான் இதை எழுத உட்கார்ந்ததற்கான காரணம்.

இந்த இழுபறிக்கு நடுவில் கிளையின் புது உத்தியோகத்தர் எனக்கு வட்ஸ்அப்பில் எழுதினார். "மிஸ், உங்கட யூசர் ஐடியையும் பாஸ்வேர்டையும் அனுப்புங்க, நானே உள்ளே போய்ச் சரிபண்ணித் தாறன்." அவர் உண்மையான வங்கி ஊழியர். கிளையில் அதே மேசையில் அவரோடு நேரில் கதைத்திருக்கிறேன். கெட்ட எண்ணத்தில் கேட்டார் என்று நான் நினைக்கவில்லை. வேலை சுருக்காக முடியட்டும் என்று கேட்டிருக்கிறார். நான் அனுப்பவில்லை.

அதற்குச் சில நாட்களுக்கு முன் வங்கியின் பேஸ்புக் பக்கத்தில் எங்கள் பிரச்சினையை எழுதியிருந்தேன், கிளையின் பெயரோடு. வட்ஸ்அப் செய்தி வந்த அடுத்த கிழமை ஒரு போன். சாதாரணக் கைபேசி இலக்கம். முதலில் சிங்களம், பிறகு நல்ல தமிழ். வங்கியின் டிஜிட்டல் பிரிவில் இருந்து கதைக்கிறாராம், இந்தக் கிளையில் எங்கள் விண்ணப்பம் மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாராம், நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறாராம். இவ்வளவு நாளில் எங்களிடம் மன்னிப்புக் கேட்ட முதல் ஆள் அவர்தான்! "இப்ப ஒரு ஓ.டி.பி. வரும் மேடம், அந்த ஆறு இலக்கத்தை மட்டும் வாசிங்கோ, உடனே அக்டிவேட் ஆகும்." சொல்லி வாய் மூட முதல் என் போனில் செய்தி விழுந்தது. உண்மையான வங்கியின் பெயரில், உண்மையான ஓ.டி.பி. செய்தியை முழுக்க வாசித்தேன். புதிய சாதனம் ஒன்றைப் பதிவதற்கான இலக்கம் என்று அதிலேயே எழுதியிருந்தது. அதாவது அந்த ஆளின் போனில் எங்கள் கணக்கு திறபட இருந்தது. ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டு, வங்கியின் அட்டையில் இருந்த இலக்கத்துக்கு எடுத்து என் நுழைவை நிறுத்தச் சொன்னேன்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வங்கி ஊழியர் கேட்டதும் கள்ளன் கேட்டதும் ஒரே மாதிரியான சாமான். இரகசிய இலக்கத்தை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கிளைச் சுவரில் சுவரொட்டி ஒட்டிவிட்டு, அதே கிளையில் இருந்து பாஸ்வேர்ட் கேட்டால் சனம் எதை நம்பும்? மாதக்கணக்கில் அலைந்து களைத்த ஒரு ஆளுக்கு, உதவி என்று ஒரு குரல் வந்தால் இலக்கத்தை வாசித்துவிடத்தான் தோன்றும். வங்கி எங்களை அலைக்கழித்ததே கள்ளனுக்குக் கதவைத் திறந்துவிட்டது. இதை முறைப்பாட்டிலும் இப்படியே எழுதியிருக்கிறேன்.

ஆகவே பேஸ்புக்கில் வங்கியின் பக்கத்துக்குக் கீழே போய் உங்கள் கிளை, கணக்கு விவரம், போன் இலக்கம் எதையும் எழுதாதீர்கள். அங்கேதான் இந்தக் கள்ளர்கள் காத்திருக்கிறார்கள். ஓ.டி.பி. செய்தி வந்தால் இலக்கத்தை மட்டும் பார்க்காமல் அது எதற்கான இலக்கம் என்ற வரியை வாசியுங்கள். இப்படி ஒரு போன் வந்தால் முதலில் வங்கிக்குச் சொல்லுங்கள், இணையப் பாதுகாப்பைக் கவனிக்கிற ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கும் அறிவிக்கலாம்.

முறைப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எங்களுக்கு ஏதும் நகர்ந்தது என்றால் அதனால்தான். கிளையில் வாயால் சொன்ன எதற்கும் பெறுமதி இருக்கவில்லை. கடைசியில் தமிழில் ஒரு கடிதம் எழுதினோம்: எந்தத் திகதி என்ன படிவம் கொடுத்தோம், யார் வாங்கினார், என்ன பிழை, பாஸ்வேர்ட் கேட்ட வட்ஸ்அப் செய்தியின் பிரதி. ஒன்றைக் கிளையில் கொடுத்து மற்றப் பிரதியில் சீலும் திகதியும் வாங்கினோம். தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சலிலும் அனுப்பி முறைப்பாட்டு இலக்கம் கேட்டோம். இந்த இலக்கம் முக்கியம். இலங்கை மத்திய வங்கியில் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் என்று ஒன்று இருக்கிறது, தொலைபேசி 1935. அங்கே போனால் முதலில் வங்கிக்கு முறையிட்டீர்களா என்றுதான் கேட்பார்கள். 2023 இல் வந்த நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின் கீழ், முறைப்பாட்டைக் கையாளுவதற்கு வங்கி ஒரு ஒழுங்கான முறை வைத்திருக்க வேண்டும். மத்திய வங்கிக்குப் பிரதி போன பிறகு எங்கள் வங்கியிலிருந்து கூப்பிட்டவரின் குரலே வேறாக இருந்தது. ஓதரைசர், லிமிட் இரண்டும் சுருக்காகச் சரிவந்தன. அவ்வளவு நாளும் ஏன் முடியவில்லை என்று கேட்டதற்கு மறுமொழி இல்லை.

மாறத்தான் வேண்டும் என்றால், புது கணக்கு இலக்கத்தை பில் புத்தகத்திலோ விசிட்டிங் கார்டிலோ அடிக்க முதல் நூறு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். ஒருவர் பதிந்து, மற்றவர் அனுமதித்து, வேறு வங்கிக் கணக்கில் அது விழுந்ததைக் கண்ணால் காணுங்கள். சம்பளக் கோப்பையும் ஒரே ஒரு ஆளுக்கு ஏற்றிப் பாருங்கள். அதுவரைக்கும் பழைய கணக்கை மூட வேண்டாம், அதில் ஒரு மாதச் செலவுக்காவது காசு வைத்திருங்கள். ஒன்லைன் வசதிக்கான வருடக் கட்டணம் விண்ணப்பித்த நாளில் இருந்தா, வேலை செய்யத் தொடங்கிய நாளில் இருந்தா கழிபடும் என்றும் கேளுங்கள். எங்களுக்கு விண்ணப்பித்த நாளில் இருந்தே வெட்டிவிட்டார்கள், ஒரு சதம் அனுப்ப முடியாமல் இருந்த காலத்துக்கும் சேர்த்து.

அந்தக் கட்டணத்தில் பாதிதான் திரும்பி வந்திருக்கிறது. மிச்சத்தை நல்லெண்ண அடிப்படையில் பரிசீலிப்பதாக எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு நல்லெண்ணம் தேவையில்லை, எங்கள் காசு தேவை. பாஸ்வேர்ட் கேட்டது பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. அதனால் வங்கிகள் மீதான முறைப்பாடுகளைத் தனியாக விசாரிக்கிற நிதி ஒம்புட்ஸ்மனுக்கு எழுதியிருக்கிறோம், அதற்குக் கட்டணம் இல்லை. இந்தத் தடவை கடிதத்தை அத்தானே தமிழில் வாசித்து, இரண்டு இடத்தில் திருத்தி, கையெழுத்து வைத்திருக்கிறார். திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போகிறது.