ஆறு வாரத்தில் ஸ்பானிஷ்: மெக்சிகோ நகர மிஷனரிப் பயிற்சி மையம் எந்த அளவுக்குத் தேறும்?

மெக்சிகோ நகரின் வடகோடியில், குவாதலூப்பே மாதா பசிலிக்கா இருக்கும் அதே குஸ்தாவோ மதேரோ வட்டாரத்தில்தான் இந்த வளாகம் இருக்கிறது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, அதாவது வெளியார் மார்மன் சபை என்று சொல்லும் சபை, 1964 முதல் இங்கே பெனெமெரிதோ தெ லாஸ் அமெரிக்காஸ் என்ற உறைவிடப் பள்ளியை நடத்தியது. 2013 ஜூனில் அது மிஷனரிப் பயிற்சி மையமாக மாறியது. உள்ளே எல்லோரும் ஸ்பானிஷ் பெயரின் (Centro de Capacitación Misional) முதலெழுத்துகளை வைத்து 'சே சே எமே' என்றுதான் சொல்கிறார்கள். ஆண்களும் பெண்களும் 18 வயதில் சேரலாம், 2025 நவம்பர் வரை பெண்களுக்கு அது 19 ஆக இருந்தது. ஸ்பானிஷ் தெரியாமல் வருகிறவர்களுக்கு ஆறு வாரப் பயிற்சி. இப்போது அதன் தொடக்கப் பகுதி வீட்டிலிருந்தே இணையவழியில் நடக்கிறது. மதபோதனை சரியா தவறா என்பதை ஒதுக்கிவைத்து, மொழி கற்றுக்கொடுக்கும் இடமாக மட்டும் இதை எடைபோடுவோம்.

ஒரு கணக்கைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க அரசு தன் தூதரக ஊழியர்களுக்கு ஸ்பானிஷ் கற்றுக்கொடுக்க ஏறக்குறைய 24 முதல் 30 வாரம் ஒதுக்குகிறது. அதுவும் முழுநேர வகுப்பு. இங்கே இருப்பது ஆறே வாரம். அதிலும் பாதி நேரம் வேதபாடத்துக்கும் போதனை முறைக்கும் போய்விடும். ஆகவே மையம் ஒரு முடிவெடுத்திருக்கிறது: முழு மொழியையும் தொடாமல் ஜெபம், சாட்சி, அடிப்படைப் பாடங்கள், வீட்டுக்குள் போனதும் பேசும் நாலு வார்த்தை ஆகிய குறுகிய வட்டத்தை மட்டும் தோண்டுவது. அந்த வட்டத்துக்குள் பயிற்சி நன்றாகவே வேலை செய்கிறது. தெருவுக்கு வந்ததும்தான் ஓட்டை தெரியும்.

முதல் நாள் பெட்டியை வைத்ததும் பெயர் அட்டை, புத்தகங்கள், கூட்டாளி. எந்நேரமும் இரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும், ஒருவர் பார்வையைவிட்டு மற்றவர் போகக் கூடாது. முதல் பெயருக்கு இங்கே வேலையில்லை. ஆணுக்குக் குடும்பப் பெயருக்கு முன் 'எல்டர்', பெண்ணுக்கு 'ஹெர்மானா'. பிறகு வகுப்பு. ஆசிரியர் வாயைத் திறந்ததும் ஸ்பானிஷ்தான், விளக்கம் எல்லாம் சைகையில். இரண்டொரு நாளில், ஆர்வம் காட்டும் ஓர் ஆள் வீட்டுக்குப் போவதுபோல் ஓர் அறைக்குள் அனுப்பி, ஸ்பானிஷிலேயே பாடம் நடத்தச் சொல்வார்கள். அந்த 'ஆள்' பெரும்பாலும் அடுத்த வாரம் வகுப்பெடுக்கப்போகும் ஆசிரியராகவே இருப்பார். கொடூரம் போலத் தோன்றினாலும், தயக்கத்தை உடைக்க இதைவிடச் சுருக்கு வழி கிடையாது.

முறையின் பலம் ஜெபத்தில் தெரிகிறது. நாலு துண்டுகளை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள்: 'நுயெஸ்த்ரோ பாத்ரே செலெஸ்தியால்' என்று பரம பிதாவை அழைப்பது, 'தே தாமோஸ் கிராசியாஸ் போர்' என்று நன்றி சொல்வது, 'தே பெதிமோஸ் கே' என்று கேட்பது, இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் முடிப்பது. நடுவில் பெயர்ச்சொற்களை மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டாம் நாளே சொந்த ஜெபம் தயார். ஆனால் மூன்றாவது துண்டில் ஒரு பொறி இருக்கிறது. 'கே'வுக்குப் பின் வரும் வினைச்சொல் சாதாரண நிகழ்காலத்தில் வராது. வேண்டுதலுக்கென்று தனி உருவம் உண்டு. ஆசீர்வதிக்க வேண்டும் என்று கேட்கும்போது 'பெந்தீசெஸ்' என்று சொல்லக் கூடாது, 'பெந்தீகாஸ்' என்றே சொல்ல வேண்டும். பொதுவான பாடநூல்களில் இது பல மாதம் கழித்து வரும் இலக்கணம். இங்கே இலக்கணப் பெயரே தெரியாமல் நாக்கில் ஏறிவிடுகிறது. காரணம், ஒரு நாளைக்குப் பல முறை ஜெபம். வகுப்பு தொடங்கும்போது, முடியும்போது, சாப்பாட்டுக்கு முன், படுக்குமுன் என்று வேறு எந்தப் பயிற்சிக்கும் கிடைக்காத அளவுக்குத் திரும்பச் சொல்லல் நடக்கிறது.

இதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. கடவுளிடம் 'தூ' என்று ஒருமை, ஊர்க்காரர்களிடம் 'உஸ்தேத்' என்று மரியாதை. இந்த ஏற்பாடு நமக்குப் புதிதில்லை, ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்தவருக்குப் புதிது. ஜெபத்தில் பழகிய ஒருமை வாய்தவறி எழுபது வயதுப் பாட்டியிடமும் வந்துவிடும். முதல் வாரத்திலிருந்தே கேள்விகளை எல்லாம் 'உஸ்தேத்' வடிவில் தனியாக எழுதி வைத்துப் பயிற்சி செய்ய வேண்டும்.

பயிற்சிப் பாடங்களில் எல்லோரும் செய்யும் தவறு, முந்தின இரவே ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போய் வாசிப்பது. வாசிப்பு அழகாக நடக்கும். எதிரில் இருப்பவர் ஒரு கேள்வி கேட்டதும் கட்டிடம் சரிந்துவிடும். பேசக் கொடுக்கும் பயிற்சியில் கால்வாசிகூடக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளக் கொடுக்காததுதான் காரணம். என்னைக் கேட்டால் இந்த மையத்தின் பெரிய குறை அதுதான். மூன்று கேள்விகள், ஒரு வசனம், 'கொஞ்சம் மெதுவாகத் திரும்பச் சொல்வீர்களா' என்ற ஒரு வாக்கியம், இவற்றோடு உள்ளே போகிறவர் பக்கம் எழுதிப் போகிறவரைவிட முன்னேறுவார். இன்னொன்று, பாவத்துக்கு 'பெகாதோ', சமைக்கும் மீனுக்கு 'பெஸ்காதோ'. மீன்களுக்காக மனந்திரும்பச் சொன்ன மிஷனரிகள் கதை தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது.

உச்சரிப்பில் அமெரிக்கர்களின் சிக்கல் உயிரெழுத்துதான். ஸ்பானிஷில் அ, எ, இ, ஒ, உ ஐந்தும் நம் குறில்போலச் சுத்தமாக ஒலிக்கும். அவர்களோ 'ஒ'வை 'ஓவ்' என்று இழுப்பார்கள். இதை முதல் வாரத்திலேயே திருத்தாவிட்டால் கெட்டிப்பட்டுவிடும். ஆசிரியர்கள் பொறுமைசாலிகள், ஆனால் இதில் கொஞ்சம் தாராளமாகவே விட்டுவிடுகிறார்கள்.

மெக்சிகோவில் இருந்தும் மெக்சிகோ வாசலுக்கு வெளியே என்பது இன்னொரு குறை. நினைத்தபடி வெளியே போக முடியாது. அதனால் சந்தை, பேருந்து, மருந்துக்கடை ஸ்பானிஷ் வாய்க்கு வராது. நித்திய ஜீவனைப் பற்றிப் பேசத் தெரிந்தவர் தக்காளி கிலோ என்ன விலை என்று கேட்கத் திணறுவார். இதற்கு மருந்து சாப்பாட்டுக் கூடத்தில் இருக்கிறது. லத்தீன் அமெரிக்க மிஷனரிகளும் இதே வளாகத்தில் பயிற்சி பெறுகிறார்கள். ஆங்கிலக் கூட்டத்தோடு உட்காராமல் தட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் மேசைக்குப் போக வேண்டும். தட்டில் இருப்பதற்கெல்லாம் பெயர் கேட்டு சட்டைப்பை நோட்டில் எழுத வேண்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இதே சபை நடத்தும் ப்ரோவோ பயிற்சி மையத்தைவிட இதை நான் ஒருபடி மேலே வைப்பது இந்த மேசைகளுக்காகத்தான். வேடிக்கை என்னவென்றால், மெக்சிகோவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் விசா தாமதமானவர்களைச் சும்மா வைத்திருக்க வேண்டாமே என்று 1961இல் தொடங்கியதுதான் ப்ரோவோவின் மொழிப் பயிற்சி.

உடம்பு விஷயம். நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று நாள் தலைவலி வரலாம், உடற்பயிற்சி நேரத்தில் ஓடாமல் நடங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், பல் துலக்கவும் சுத்திகரித்த தண்ணீர்தான். இரவில் குளிரும், கம்பளிச் சட்டை கட்டாயம் வேண்டும். மே முதல் அக்டோபர் வரை மாலை மழை. அக்கம்பக்கத்தில் திருவிழா என்றால் நள்ளிரவிலும் வேட்டுச் சத்தம். டிசம்பர் 12 குவாதலூப்பே திருநாளையொட்டி வருகிறவர்கள் காதடைப்பான் எடுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்குத் தனிக் கட்டணம் இல்லை. அமெரிக்க மிஷனரிகள் 2020 ஜூலை முதல் ஊழியம் முழுவதற்கும் மாதம் 500 டாலர் கட்டுகிறார்கள், இது அதற்குள் அடக்கம். சபையின் மொழி கற்கும் செயலியான எம்பார்க்கில் கிளம்புமுன்பே எண்கள், கிழமைகள், நிகழ்கால வினைகள் ஆகியவற்றை முடித்துவிட்டுப் போனால் முதல் வாரத்தின் அடி பாதியாகக் குறையும்.

போகும் நாடு எது என்பதைப் பயிற்சி அதிகம் கண்டுகொள்வதில்லை. வேதம் வாசிப்பது ரெய்னா வலேரா என்ற ஸ்பானிஷ் வேதாகமத்தின் 2009 பதிப்பில். அதில் பலரைப் பார்த்து 'நீங்கள்' என்று சொல்லும் 'வோசோத்ரோஸ்' வடிவங்கள் நிறைய வரும், ஆனால் லத்தீன் அமெரிக்கத் தெருவில் அப்படி யாரும் பேசுவதில்லை. வாசித்துப் புரிந்துகொண்டால் போதும், பேச்சில் கொண்டுவர வேண்டாம். சிலி போகிறவர்கள் சொல் முடிவில் 'ஸ்' தேய்ந்துபோகும் பேச்சைக் கேட்டுப் பழக வேண்டும். அர்ஜென்டினா, உருகுவே போகிறவர்களுக்கு 'உன்னிடம் இருக்கிறது' என்பதற்கு 'தூ தியேனெஸ்' என்று கற்றது அங்கே 'வோஸ் தெனேஸ்' ஆகிவிடும், 'நான்' என்ற 'யோ' 'ஷோ' என்று காதில் விழும். கடைசி வாரத்தில் அந்த நாட்டு மிஷனரி ஒருவரைச் சாப்பாட்டு மேசையில் பிடித்து, ஊர், குடும்பம், சாப்பாடு என்று தினமும் கால்மணி நேரம் பேச வையுங்கள். ஊழியக் களத்தில் முதல் 12 வாரம் உடன் வரும் மூத்த கூட்டாளி மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்.